கிலோவுக்கு எத்தனை மணி நேரம்?

அனுப்புநர்:
முதலாம் ஆண்டு முதுநிலை மாணவர்,
குழந்தைகள் நல மருத்துவத் துறை,
கொங்கு நாட்டில் ஏதோ ஓர் அரசு மருத்துவக் கல்லூரி.
(பெயரைச் சொன்னால் தீசிஸில் கையெழுத்து விழாது.)

பெறுநர்:
தேசிய மருத்துவ ஆணையம்,
துவாரகா, புதுடில்லி.

பொருள்: பயிற்சி டாக்டர்களுக்கு டோஸ் அட்டவணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மத்திய சுகாதார அமைச்சகத்தின் 05.06.1992 நாளிட்ட உத்தரவும், தங்களின் 2023ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளும்.

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

குழந்தைகள் துறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் எதைக் கேட்டாலும் "எத்தனை கிலோ?" என்று திருப்பிக் கேட்கிறேன். பேத்திக்குக் காய்ச்சல் என்று அத்தை ஃபோன் செய்தால், நலம் விசாரிப்பதற்கு முன்பே எடையை விசாரித்துவிடுகிறேன். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு டிரிப் என்றால், முதல் பத்து கிலோவுக்கு 1000 மில்லி, அடுத்த இரண்டு கிலோவுக்கு 100, ஆக ஒரு நாளைக்கு 1100. மணிக்கு ஏறக்குறைய 46. ஹாலிடே, செகார் என்ற இருவர் 1957இல் எழுதிவைத்த கணக்கு இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தூங்கினால்.

ஜென்டாமைசின் ஆம்பியூல் ஒன்றில் 2 மில்லிக்குள் 80 மில்லிகிராம் இருக்கிறது. அது பெரியவர்களை மனதில் வைத்து அடைத்தது. ஒரு கிலோ எடையோடு குறைமாதத்தில் பிறந்து வார்மரில் கிடக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 5 மில்லிகிராம், அதாவது 0.125 மில்லி. புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்காகிவிடும். அதனால்தான் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடு, முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடாதே என்று சீனியர்கள் தலையில் குட்டிச் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வார்டு சிஸ்டர் நான் எழுதியதைத் தானும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுப்பதில்லை. அவர் கும்பிடத்தக்கவர். அவருக்கென்று தனியாகக் கடிதம் எழுத வேண்டும்.

இப்படி எண்ணிலேயே பழகிய நாங்கள் தங்கள் விதிகளைத் திறந்தோம். முதுநிலை மாணவர் முழு நேரமும் பணியாற்ற வேண்டும், பணி நேரம் நியாயமானதாக இருக்க வேண்டும், ஓய்வுக்கும் நியாயமான நேரம் தரப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணி நேரம் என்று தேடினோம். பின் இணைப்பில் இருக்குமோ என்று புரட்டினோம். இல்லை.

ஐயா, கேஸ் ஷீட்டில் "நியாயமான அளவு பாராசிட்டமால், நியாயமான அளவு சலைன்" என்று நான் எழுதினால், எங்கள் சீஃப் அந்தக் கேஸ் ஷீட்டை அட்டையோடு ஜன்னல் வழியாக எறிவார். பின்னாலேயே என்னையும் போகச் சொல்வார்.

தங்களுக்கு எண்களோடு பகை என்று சொல்லமாட்டேன். வருகைப் பதிவு குறைந்தது 80 சதவீதம் என்று கறாராகப் போட்டிருக்கிறீர்கள். உச்ச வரம்பு போடவில்லை, அதனால் பலர் நூற்றைம்பதைத் தொட்டுவிட்டார்கள். ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறையும் உண்டு, பணியின் அவசரத்துக்கு உட்பட்டு. அவசரம் இல்லாத வாரம் எது என்று பஞ்சாங்கத்தில் பார்த்தோம். ஜூனில் பள்ளி திறந்தால் வாந்தி பேதி. ஐப்பசி மழையோடு டெங்கு. மார்கழிப் பனியில் இளைப்பு. பங்குனி வெயிலில் அம்மை. எஞ்சிய நாட்களில் மண்ணெண்ணெய் குடித்த குழந்தையோ நாணயம் விழுங்கிய குழந்தையோ வரும்.

எண்ணே கிடையாது என்றும் சொல்ல முடியாது. பார்வையில் கண்ட 1992 உத்தரவு வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது, ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாகக் கூடாது என்கிறது. அந்த உத்தரவு எனக்கு வயதில் மூத்தது, ஆகவே மரியாதையோடு தள்ளி நிற்கிறேன். பிறகு 2024இல் தங்கள் பணிக்குழு ஒன்று மாணவர்களின் மனநலத்தை ஆராய்ந்து 74 மணி நேரம் போதும் என்று பரிந்துரைத்தது. ஒரு நாள் 24 மணி நேரம், ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் ஓய்வு. தினம் ஏழெட்டு மணி நேரம் தூங்கவும் சொன்னது. முப்பத்திரண்டு வருடத்தில் 48 என்பது 74 ஆகியிருக்கிறது. குழந்தையாக இருந்தால் வளர்ச்சி வரைபடத்தில் மேல் கோட்டைத் தாண்டிவிட்டது என்று ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்பியிருப்போம்.

எங்கள் யூனிட்டின் ஒரு சாதாரண வாரத்தைச் சொல்கிறேன். திங்கள் அட்மிஷன் டே. காலை எட்டு மணிக்குள் நுழைந்தால் செவ்வாய் இரவு எட்டுக்கு வெளியே வரலாம், 36. புதன்கிழமை ஓய்வு மாதிரி, 12 தான். ஆக 1992 உத்தரவுப்படி புதன் இரவோடு என் வாரம் முடிந்தது. வியாழன் மறுபடி அட்மிஷன். 2024 பரிந்துரைப்படி வெள்ளி காலை பத்து மணிக்கு முடிந்தது. பத்து மணிக்கு ரவுண்ட்ஸ்.

இந்த 74ஆவது மணி நேரத்தில்தான் லேபர் தியேட்டரிலிருந்து பேபி கால் வரும். துடைத்து, தலையைச் சரியாக வைத்து, அப்போதும் பிள்ளை மூச்சு விடவில்லை என்றால் பிறந்து அறுபது நொடிக்குள் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தியாக வேண்டும். பொன் நிமிடம் என்பார்கள். பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடம்தான், அதில் நியாயமான கால அவகாசம் என்றெல்லாம் கிடையாது. பிறகு மார்க் போட வேண்டும். 1953இல் வர்ஜீனியா அப்கார் என்ற மயக்கவியல் டாக்டர் வெளியிட்ட முறை, ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க் வரை.

முப்பதாவது மணி நேரத்தில் எங்கள் பேட்ச் ஆள் ஒருவருக்கு அதையே போட்டுப் பார்த்தோம். நிறம்: கைகால் வெளிறல், 1. நாடித்துடிப்பு: கேன்டீன் டீயின் உபயத்தில் நூறுக்கு மேல், 2. தூண்டினால்: முகச்சுளிப்பு மட்டும், 1. தசைத் தொனி: ஓரளவு மடங்குகிறது, 1. மூச்சு: கொட்டாவி உட்பட நன்றாகவே இருக்கிறது, 2. மொத்தம் 7. ஏழு எடுத்தால் இயல்பு என்பதால் பணிக்குத் தகுதி என்று அறிவித்து அனுப்பிவைத்தோம்.

இந்த இடங்களுக்கு ஆள் சேர்க்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் நீட் முதுநிலைத் தேர்வின் தகுதியைப் பூஜ்யம் பர்சென்டைலாக இறக்கினார்கள். 2024இல் தேர்வுக்கு முந்தின இரவு, ஊர் விட்டு ஊர் வந்து லாட்ஜில் கிடந்தவர்களிடம் தேர்வு இல்லை என்றார்கள். தூங்காப் பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். முதல் ரேங்குகள் ரேடியாலஜிக்கும் தோலுக்கும் போகின்றன என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். எக்ஸ்ரே படம் இரவு இரண்டு மணிக்கு வீறிட்டு அழாது, ஐயா.

"எங்கள் காலத்தில் நாங்கள் வீட்டுக்கே போனதில்லை" என்று சீஃப் சொல்கிறார். நம்புகிறேன். வார்டில் கிடந்தால்தான் கேஸ் வரும், கை பழகும் என்பதும் உண்மை. பேதியில் வற்றிப்போன ஆறு மாதக் குழந்தையின் நரம்பைப் புத்தகத்தில் தேட முடியாது. ஆனால் மூன்றாவது முறை குத்து வாங்குவது என் அனுபவம் அல்ல, அந்தக் குழந்தையின் கை. விதியில் எண் இல்லாததன் காரணம் ஆணையத்துக்குத் தெரியாததும் அல்ல. எண் ஒன்றை எழுதினால் மீதி மணி நேரத்துக்கு ஆள் போட வேண்டும், ஆள் போட்டால் சம்பளம் போட வேண்டும். இரவில் வார்டைத் தாங்க முதுநிலை மாணவரைவிட மலிவாக யாரும் கிடைக்கமாட்டார்கள். அந்த மலிவுக்குப் படிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இதுவரை என் பணி நேரம் குறித்து நேரில் ஆய்வு நடத்தியவர் ஒருவர்தான், ஏழாம் கட்டில் அப்பத்தா. "ஏஞ்சாமி, நேத்துக் காத்தால வந்ததுல இருந்து இங்கயேதான் நிக்கறே. ஊட்டுக்குப் போவலியா?" என்றார். பேரனுக்கு நிமோனியா. அவர் கேட்டது பாதி என் மேல் இரக்கம், பாதி இந்தக் கையிலா மருந்து போட்டுக்கொள்வது என்ற பயம். பயம் நியாயமானது என்று குறித்துக்கொண்டேன்.

ஆகவே தாங்கள் எனக்கு ஓர் எண் தந்து உதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். 48 என்றால் 48, 74 என்றால் 74, பரிந்துரையாக அல்லாமல் விதியாக, மீறும் கல்லூரிக்கு இத்தனை இடம் குறையும் என்ற வரியோடு. மணிக்கணக்கில் நிர்ணயிப்பது சிரமம் என்றால் எங்கள் துறை வழக்கப்படி உடல் எடைக்கு இவ்வளவு தூக்கம் என்று நிர்ணயித்தாலும் சம்மதமே. சேர்ந்த அன்று நான் 58 கிலோ. இன்றைய எடையை வைத்துக் கணக்கிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதலாம் ஆண்டு.