புல்லுக்குக் கிடைத்த மரியாதை

பெறுநர்: இயக்குநர் அவர்கள், வானிலை மையம், இந்திய வானிலைத் துறை, ஆப்சர்வேட்டரி குன்று, திருவனந்தபுரம்.

அனுப்புநர்: பின்னல்காரி ஒருத்தி, குளத்துக்குப் பக்கத்துத் தெரு, ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்.

பொருள்: சொந்தக் காலுக்குச் சாக்ஸ் பின்னத் தொடங்க ஏதுவாக, ஊரில் குளிர் இருப்பதாகச் சான்று வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: குளிர் அலை பற்றிய தங்கள் துறையின் வரையறை.

ஐயா / அம்மணி,

இந்த விண்ணப்பத்தைப் படித்ததும் தாங்கள் சிரிக்கக்கூடும். சிரித்து முடித்துவிட்டு ஒரு முத்திரை குத்திக் கொடுத்தால் போதும்.

எனக்குப் பின்னத் தெரியும். டொராண்டோ பேரனுக்கு ஸ்வெட்டர், தில்லி நாத்தனாருக்கு ஷால், அவள் வீட்டு நாய்க்கு மேல்சட்டை, மூணாறு பார்க்கப் போன பக்கத்து வீட்டார் அத்தனை பேருக்கும் குரங்குக் குல்லாய் என்று இந்த வீட்டிலிருந்து கம்பளி ஏற்றுமதி ஆகாத வருஷம் இல்லை. ஜெர்மனியிலிருந்து வந்த அக்கா பெண், "சித்தி, இது உனக்கு மட்டும்" என்று ஒரு சாக்ஸ் நூலுண்டையைக் கையில் வைத்துவிட்டுப் போனாள். 100 கிராம். முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான், 400 மீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. ஒரு ஜோடிக்குச் சரியாக வரும். அன்றைக்கு அலமாரிக்குள் போன உண்டை, நாப்தலீன் உருண்டைகளோடு சிநேகமாகி அங்கேயே தங்கிவிட்டது.

சோம்பல் அல்ல. முகாந்திரம் கிடைக்கவில்லை. ஸ்ரீவராகத்தில் சாக்ஸ் போடுகிறவர்கள் யார் யார்? பள்ளிக்கூடப் பிள்ளைகள், போலீஸ்காரர்கள், ரிசப்ஷன் மேடையில் நிற்கும் மாப்பிள்ளை, வளைகுடாவுக்கு விமானம் ஏறப் போகிறவர். நான் எதிலும் சேர்த்தி இல்லை. வீட்டுக்காரர், "வெந்துண்டிருக்கோம், இதுல சாக்ஸ் வேறயா?" என்கிறார். எதிர்வீட்டுச் சேச்சி, "ஸாக்ஸோ? ஈ சூடிலோ, மாமீ?" என்று வாயைப் பிளந்தாள். மருமகள் மட்டும் நயமாக, "ஆன்லைன்ல மூணு ஜோடி வாங்கிக்கலாமேம்மா" என்றாள். அவள் வேலை பார்க்கும் ஐடி அலுவலகத்து ஏசிக்கு, நான் பின்னிய ஷாலைத்தான் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அடிப்பது குளிர். என் காலில் அடிப்பது பிரமை.

சரி, அரசாங்கமே சொல்லட்டும் என்று தங்களிடம் வந்தேன். வந்த இடத்தில் வரையறையைப் பார்த்தேன். குளிர் அலை என்று அறிவிக்கச் சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்க வேண்டும், மலையில் பூஜ்யத்துக்கு. கடலோரத்தார் மேல் இரக்கப்பட்டு 15 வரை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதிலும் இயல்பைவிட 4.5 டிகிரியாவது குறைந்திருக்க வேண்டுமாம். ஜனவரி விடியற்காலையிலேயே 22ஐ ஒட்டி நிற்கும் ஊர் இது. 15க்குக் காத்திருந்தால் நூலைப் பூச்சி அரித்துவிடும்.

வெயிலுக்கு மட்டும் கை தாராளம். மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை என்று நிறம் நிறமாக வருகிறது. காலை 11 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் இறங்காதீர்கள் என்று மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் சொல்கிறது. அந்த நாலு மணி நேரமும் நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, யார் ஊர்ப் பனிக்கோ பின்னிக்கொண்டிருக்கிறேன். அரசு அறிவுரையை இவ்வளவு விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறவள் இந்த வார்டில் வேறு யாரும் இருக்க முடியாது.

இனி தொழில்நுட்பமாக ஒரு சந்தேகம். தாங்கள் வெப்பமானி வைத்திருக்கும் வெள்ளை மரப்பெட்டிக்கு ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா தாமஸ் வடிவமைத்தது. (மகன் கடல்கொள்ளைக்காரர்களை நம்பினார், அப்பா பாதரசத்தை நம்பினார்.) அந்தப் பெட்டி தரையிலிருந்து நாலடி உயரத்தில், காற்றோட்டமாக நிற்கிறது. நாலடி என்பது என் நெஞ்சு உயரம். நெஞ்சில் எனக்குக் குளிர் இல்லை. குளிர் கீழே, டைல்ஸ் தரையில் இருக்கிறது.

கர்க்கடக மழையில் நாள்கணக்காக வெயிலே காணாமல் கிடந்து, விடியற்காலை நாலரைக்குப் பால் காய்ச்சப் போகும் அறுபது தாண்டிய ஒரு பாதம் அந்த டைல்ஸில் படுகிற கணத்தின் வெப்பநிலை தங்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நகரத்தில் ஓர் அளவு எடுக்கிறீர்கள், விமான நிலையத்தில் ஓர் அளவு எடுக்கிறீர்கள். என் அடுக்களை இரண்டுக்கும் இடையில் விடுபட்டுப் போயிற்று. போகட்டும் என்றால், விவசாயத்துக்காகப் புல் மட்டக் குறைந்தபட்ச வெப்பநிலை என்று தனியாக ஒன்றை அளப்பதாகவும் தெரிகிறது. புல்லுக்குக் கிடைத்த மரியாதை மாமிகளுக்குக் கிடைக்கக் கூடாதா? 'டைல்ஸ் மட்டக் குறைந்தபட்ச வெப்பநிலை' என்று ஒரு கட்டம் சேர்த்தால் தாளில் எவ்வளவு இடம் பிடித்துவிடும்?

தங்கள் குன்றுக்கு இந்த மாதிரி வீம்பு புதிதும் அல்ல. அங்கே வானாய்வுக்கூடம் 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா அமைத்தது. முதலில் பொறுப்பேற்ற ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் வணிக முகவராக இருந்தவர். 1852இல் வந்த ஜான் ஆலன் பிரௌன் இந்தக் குன்று போதாதென்று 1855இல் அகஸ்தியர் மலையில், 6,000 அடிக்கு மேலே, இன்னொரு கூடம் அமைத்தார். அங்கே போய்க் கருவி பார்த்துக் குறித்தவர்களுக்குத்தான் திருவிதாங்கூரில் கம்பளிச் சாக்ஸின் முதல் பாத்தியதை. காந்த ஊசி எந்தப் பக்கம் எவ்வளவு விலகியது என்று பார்ப்பதற்கே பிரௌன் ஆயுசைக் கொடுத்தார். என் ஊசிகள் அலமாரியில் விலகாமல் கிடக்கின்றன.

சாக்ஸ் சின்ன வேலை என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. ஸ்வெட்டருக்கு 4 மில்லிமீட்டர் ஊசி, கை ஓடும். சாக்ஸுக்கு இரண்டு, இரண்டேகால் மில்லிமீட்டரில், இரு முனையும் கூரான ஊசிகள் ஐந்து வேண்டும். நான்கு ஊசிகள் கண்ணிகளைச் சுமந்து நிற்கும், ஐந்தாவது சுற்றிச் சுற்றி உழைக்கும். சுற்றுக்கு 64 கண்ணி என்று வைத்தால் கணுக்கால் வரை குழாயாக இறங்கும். அதுவரை சீரியல் பார்த்துக்கொண்டே பின்னலாம். குதிகால் வந்ததும் டிவியை அணைத்துவிட வேண்டும். பாதிக் கண்ணிகளை, 32ஐ மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாக ஒரு பட்டை. பிறகு வரிசை முடியும் முன்பே பாதியில் திரும்ப வேண்டும். வந்த வழியிலும் முடிக்காமல் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு கண்ணி கூடுதலாகப் போய்த் திரும்ப வேண்டும். இப்படியே போனால் தட்டையாக இருந்த பின்னல், கத்தரி படாமல், தையல் படாமல், குதிகாலுக்கு அளவான கிண்ணமாக வளைந்து நிற்கும். அப்புறம் பட்டையின் இரண்டு ஓரத்திலும் கண்ணிகளைப் பொறுக்கி எடுத்து, மறுபடி வட்டத்துக்கு வந்து, கூடுதல் கண்ணிகளைச் சுற்றுக்குச் சுற்று குறைத்துக்கொண்டே பாதத்துக்கு இறங்க வேண்டும். 1589இல் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரம் ஒன்றைச் செய்தபோது, முதலாம் எலிசபெத் ராணி அதற்கு உரிமம் தர மறுத்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கிறவர்கள் கதி என்ன ஆகும் என்று கவலைப்பட்டாராம். அவருக்குப் பிறகு எங்களுக்காகக் கவலைப்பட்ட அரசாங்கம் எதையும் நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனையும் முடித்தால் கிடைப்பது ஒரு சாக்ஸ். முதல் சாக்ஸ் முடிந்ததும் இரண்டாவதைத் தொடங்கக் கை வராத வியாதி எல்லா நாட்டுப் பின்னல்காரிகளுக்கும் உண்டு. பேரனுக்கு என்றால் எப்படியோ வந்துவிடும், குழந்தை ஒற்றைக் கால் சாக்ஸோடு நிற்கிறானே என்று மனசு கேட்காது. எனக்கு என்றால் "ஒண்ணு போதும்டீ" என்று நானே சொல்லிவிடுவேன்.

பட்டாளத்துக் கால்களுக்கு இந்தத் தடையெல்லாம் இருந்ததில்லை. சாக்ஸின் விரல்நுனியில் இரண்டு வரிசைக் கண்ணிகளை மேடு தட்டாமல் இணைக்கும் முறைக்குக் கிச்சனர் பெயர் நிலைத்திருக்கிறது. 1902 முதல் 1909 வரை இந்தியாவின் தலைமைப் படைத்தளபதியாக இருந்த அதே கிச்சனர். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்காகப் பெண்கள் மலை மலையாகச் சாக்ஸ் பின்னித் தள்ளினார்கள். பின்னியவர்கள் ஒருத்தி பெயரும் எந்தக் கண்ணியிலும் நிற்கவில்லை. 1962 சீனப் போரில் நம் நாட்டுப் பெண்களும் ஜவான்களுக்குக் கம்பளி பின்னினார்கள். என் அம்மாவும் பின்னினாள். அப்போது யாரும் "ஈ சூடிலோ" என்று கேட்கவில்லை. இமயமலைக் குளிர் ஸ்ரீவராகத்துத் திண்ணையில் செல்லுபடியாகும். ஸ்ரீவராகத்துக் குளிர்தான் எங்கேயும் செல்லாது.

தங்கள் துறை எங்களுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருப்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்துக் காலநிலை விஞ்ஞானி எல்லி ஹைவுட், பூமி சூடேறிய கணக்கை வருஷத்துக்கு ஒரு நிறமாக 2017இல் குரோஷே போர்வையாகப் போட்டுக் காட்டினார். அதே பல்கலைக்கழகத்து எட் ஹாக்கின்ஸ் மறு வருஷம் பிரபலமாக்கிய நீலமும் சிவப்புமான பட்டைப் படத்துக்கு அது முன்னோடி. இப்போது நாளுக்கு ஒரு வரிசை, அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற நிறத்தில் மப்ளர் பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள். எடின்பரோக்காரி பின்னினால் அதில் ஏழு நிறமும் வரும். திருவனந்தபுரத்துக்கு நான் பின்னப் பார்த்தேன். ஆரஞ்சு, மறுபடி ஆரஞ்சு, அதற்கு மேலும் ஆரஞ்சு. ஏதாவது மடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

வெப்ப நாட்டில் சாக்ஸுக்கு முன்னுதாரணம் கேட்பீர்களானால், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த ஒரு ஜோடி, 1,600 வருஷத்துக்கு மேல் பழசு, சிவப்புக் கம்பளி, ஒற்றை ஊசி வேலை. கட்டைவிரலுக்கு ஒரு பை, மற்ற நாலு விரலுக்கு ஒரு பை, செருப்பு மாட்டத் தோதாக. எகிப்தை யாரும் குளிர்ப்பிரதேசம் என்று சொல்லிக் கேட்டதில்லை. அதைச் செய்தவர் எந்த மையத்திடம் சான்று வாங்கினாரோ.

சட்டப்படியும் என் பக்கம் வலுவாகவே இருக்கிறது. அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் விதி. ஏசிக்குள்ளே 24 என்றால் ஷால் போர்த்திக்கொள்ள உரிமை உண்டு. ஏசிக்கு வெளியே மார்கழியில் 22 என்றால் காலை மூட உரிமை இல்லையா?

ஆகவே, ஸ்ரீவராகத்தில் தரை மட்டத்தில் போதிய குளிர் நிலவுவதாக ஒரு சான்றிதழ் கோருகிறேன். முடியாத பட்சத்தில், குளிர் இல்லாவிட்டாலும் பின்னிக்கொள்வதில் துறைக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதமாவது தாருங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிக்கொள்கிறேன். பதில் வரும்வரை 64 கண்ணிகளை ஊசியில் ஏற்றிவைத்திருப்பேன். கண்ணி ஏற்றுவது பின்னுவது ஆகாது என்று வீட்டில் விளக்கம் கொடுத்தாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
பின்னல்காரி.

இணைப்பு: என் இடது பாதத்தின் அளவுகள். வலது பாதத்துக்கான விண்ணப்பம் தனியே அனுப்பப்படும்.