இரவு ஷிஃப்டுக்கு எத்தனை நட்சத்திரம்?

அனுப்புநர்:
நைட் ஷிஃப்ட் தொழிலாளி ஒருவன்,
சுங்குவார்சத்திரம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
எஃப்.டி.ஏ. பவன், கோட்லா சாலை,
புது தில்லி.

பொருள்: இனிப்பு ஆசையை அடக்கத் தாங்கள் வழங்கிவரும் அறிவுரைகளுக்கு நன்றி கூறுதலும், லேபிள் ஒட்டாமல் விடுபட்டுப்போன ஒரு பொருளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருதலும்.

மதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு வணக்கம்.

2018-இல் தாங்கள் நடத்திய 'இன்று முதல் கொஞ்சம் கம்மி' பிரச்சாரம் எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்ற நற்செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றையும் குறைக்கச் சொல்ல இந்தி நடிகர் ராஜ்குமார் ராவைப் பிடித்திருந்தீர்கள். எங்கள் டீ மாஸ்டருக்கு அவரைத் தெரியாது. ஆனாலும் "அண்ணே, சக்கரை கம்மியா" என்றால் ஒரு ஸ்பூனை முக்கால் ஸ்பூனாக்கிக் கொடுக்கிறார். 'வித்தவுட்' என்று கேட்டால்தான் சிக்கல். "இந்த வயசுலயேவா தம்பி?" என்று அவர் கேட்க, பெஞ்சில் இருக்கிற எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த வயசிலேயேதான். போன முறை கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் என் மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை இருந்தால் முன்னீரிழிவாம். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு முன்னீரிழிவு என்று சொன்னது. அந்த இரண்டாவது கூட்டத்தில் எனக்கும் இப்போது இடம் கிடைத்துவிட்டது. முகாமில் ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்தார்கள். இனிப்பைத் தவிர்க்கவும், தினமும் நடக்கவும், இரவில் ஏழெட்டு மணி நேரம் நன்றாக உறங்கவும் என்று அழகாக அச்சிட்டிருந்தது. அதை நான் வாங்கியது காலை ஆறரை மணிக்கு, இரவு முழுக்க லைனில் நின்றுவிட்டு வெளியே வரும்போது.

அறிவுரையை மதிக்கிறவன் நான். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கிறேன். தங்கள் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின் புண்ணியத்தில், ஒரு நாளைக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்று வைத்துக்கொண்டு, அதில் எத்தனை சதவீதம் ஒரு பரிமாறலில் இருக்கிறது என்று போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் ஒரு கணக்கு சொன்னது. மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டவே கூடாது, அதாவது சுமார் 50 கிராம்; 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. தாங்கள் தாண்டவே கூடாத அந்த வேலியையே அன்றாட அளவாக எடுத்துக்கொண்டீர்கள். இதில் எனக்குக் குறையில்லை, நிம்மதிதான். 250 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை இருக்கும். 25-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் ஒரே பாட்டிலில் நூறு சதவீதம் தாண்டியிருக்கும், பயந்திருப்பேன். 50-ஐ வைத்ததால் பாதிதான் ஆகிறது. மீதிப் பாதி காலியாக இருக்கிறதே என்று பக்கத்தில் ஒரு கிரீம் பிஸ்கட்டும் வாங்கிக்கொள்ள முடிகிறது.

பின்பக்கத்து எழுத்து பொடியாக இருக்கிறதே என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்வதற்குள், 2022 செப்டம்பரில் முன்பக்கத்திலேயே நட்சத்திரம் ஒட்டும் வரைவைக் கொண்டுவந்தீர்கள். அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை. சிலி நாட்டுக்காரர்கள் 2016-இலேயே 'சர்க்கரை அதிகம்' என்று கறுப்பு எண்கோணம் போட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அது நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது. நாம் யாரையும் மட்டம் தட்டமாட்டோம். ரொம்ப மோசமான பிஸ்கட்டுக்கும் அரை நட்சத்திரமாவது கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். வரைவுக்கு வந்த கருத்துகள் 14,000-க்கும் மேல் என்று படித்தேன். உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில், மூன்று மாதத்தில் முடிவெடுங்கள் என்றது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கொடுத்தது. எங்கள் லைனில் ஒரு பீஸ் முடிய வேண்டிய வினாடிக் கணக்கைத் தாண்டினால் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும், லைன் லீடர் ஓடிவருவார். பிழைப்பு அப்படியிருக்கிற எனக்குத் தங்கள் நிதானத்தைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது.

இதற்கிடையே 2025 ஜூனில் சுகாதார அமைச்சகம், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை என்று அலுவலகங்களில் பலகை மாட்டச் சொன்னது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை வாசகமா என்று நாடே கொதித்ததும், ஜூலையில், தனிப்பட்ட எந்தப் பண்டத்தையும் குறிவைக்கவில்லை, சும்மா ஒரு நினைவூட்டல்தான் என்று விளக்கம் வந்தது. செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பலகை ஒரு துறை, விலை இன்னொரு துறை. இரண்டையும் ஒருசேரப் படிக்கிற துறை எங்கள் வாய்தான்.

தாங்கள் எதுவுமே செய்யவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி இல்லாத பானத்தின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக் கூடாது என்று உத்தரவிட்டீர்கள். நல்ல உத்தரவு, கிண்டலில்லாமல் சொல்கிறேன். அசல் ஓ.ஆர்.எஸ்.ஸில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அந்தப் பெயரில் விற்ற சில பானங்களில் சர்க்கரை லிட்டருக்கு நூறு கிராமைத் தாண்டியது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஆலையின் பெயின்ட் ஷாப் அனலில் மயங்கி விழுகிறவனுக்கு முதலில் உடைத்துக் கொடுப்பது இந்த மாதிரி டப்பாவைத்தான். ஒருவர் எட்டு வருடம் கத்தினால் ஒரு சொல்லை எடுக்கலாம் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டேன். ஆகவே என் கத்தலையும் இன்றே தொடங்கிவிடுகிறேன்.

ஐயா, அம்மா, என் ஆசை பகலில் வருவதில்லை.

பகல் ஷிஃப்ட் வாரத்தில் நான் ஒரு ரிஷி. கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன். ரூமில் கூட இருக்கிற பையன் ஊரிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தைப் பார்த்தும் பாராமல் போகிறேன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் இரண்டரை, மூன்று மணி ஆனதும் உள்ளே யாரோ இனிப்பு கேட்கிறார்கள். பசி என்று சொல்ல முடியாது, சோறு கொடுத்தால் அந்த ஆள் வேண்டாம் என்பான். தேங்காய் பன் கொடுத்தால் அடங்குவான். இது என் மனக்கட்டுப்பாட்டின் குறைதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன், துண்டுச்சீட்டும் அதையே சொன்னது. சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2004-இல் வேறு மாதிரிச் சொன்னார்கள். 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, இன்னும் கொண்டா என்று சொல்லும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. இனிப்பு, உப்புத் தின்பண்டம், மாவுப் பண்டம் மீது இருந்த நாட்டம் 33 முதல் 45 சதவீதம் வரை கூடியது. இரண்டே இரவில்! அந்த 12 பேரும் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை இதே சோதனையை நாங்கள் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறோம், அளந்து எழுதத்தான் ஆளில்லை.

பகலில் தூங்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தகர ஷெட்டுக்குப் பக்கத்து ரூம், சித்திரை வெயில், வெளியே பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, உள்ளே பகல் ஷிஃப்ட் பையனின் அலாரம். வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. பாராட்ட வேண்டிய வேலை. படுக்கைக்கு ஒரு துறை கிடைத்துவிட்டது. தூக்கத்துக்கு எந்தத் துறையில் மனுப் போடுவது என்றுதான் தெரியவில்லை, அதனால் தங்களிடம் போடுகிறேன்.

கேண்டீன் சங்கதியையும் கேளுங்கள். 250 பேருக்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் கேண்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு அன்றே எழுதிவைத்தது. எங்களுக்கும் இருக்கிறது, தட்டு பளபளவென்று இருக்கும். ஆனால் நடுராத்திரி டீ கேனில் வருகிறது, சர்க்கரையும் அதிலேயே கலந்து வருகிறது. பத்து நிமிட பிரேக்; போகவர நடை, கையுறை கழற்ற, மாட்ட, வரிசை. இதில் 'சக்கரை கம்மி' என்று யாரிடம் சொல்வது? கேனிடமா? தேர்ந்தெடுத்து உண்ணுங்கள் என்கிறீர்கள். தேர்ந்தெடுக்கிற வேலையை ஒப்பந்தக்காரர் மாலை ஆறு மணிக்கே முடித்துவிடுகிறார். டீயோடு ஒரு கிரீம் பன். அது கெடாது, சூடாக்க வேண்டாம், ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக் கொடுக்கலாம். சுண்டல் என்றால் ஊறவைக்க வேண்டும், அவிக்க வேண்டும், கரண்டி வேண்டும்.

மாதத்துக்கான எண்ணிக்கையை எட்டிவிட்டால் லட்டு. பிறந்தநாள்காரர்களுக்கு மொத்தமாகக் கேக். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ். மெஷினுக்கு யாரும் இனிப்பு கொடுப்பதில்லை என்பதைக் கவனித்தீர்களா? அதற்கு மெயின்டனன்ஸ் ஷெட்யூல் உண்டு, ஓய்வுகூட எழுதி ஒட்டியிருக்கும்.

உணவு விஷயத்தில் எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. 2021 டிசம்பரில், இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைசெய்த பெண்களில் 150 பேருக்கு மேல் பூந்தமல்லி பக்கத்து விடுதிச் சாப்பாட்டால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மற்ற பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் உலகமே சுங்குவார்சத்திரம் என்று எழுத்துக்கூட்டிப் படித்தது. அதிகாரிகள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள். ஒரே இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மாதிரி எடுக்க ஆள் வரும். பத்து வருடமாக மெல்ல விழுகிறவனுக்குத் துண்டுச்சீட்டு வரும். நோய்க்கிருமிக்கு இருக்கும் மரியாதை கிரீம் பன்னுக்கு ஏன் இல்லை என்று கேட்கமாட்டேன். கிருமி வரி கட்டுவதில்லை.

ஆகவே என் கோரிக்கை. சந்தையில் விற்கும் எல்லாவற்றுக்கும் லேபிள் கேட்கும் தாங்கள், எங்களுக்குத் தினமும் பரிமாறப்படும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதற்கும் ஒரு லேபிள் வேண்டும், ஷிஃப்ட் அட்டவணை தொங்கும் பலகையிலேயே, தடித்த எழுத்தில். மாதிரி வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன்.

"பொருள்: நைட் ஷிஃப்ட். ஒரு பரிமாறல்: 8 மணி நேரம். ஓ.டி. சேர்த்தால் பரிமாறல் அளவு மாறும். தூக்கம்: மிகக் குறைவு. இனிப்பு ஆசை: இயற்கையானது அல்ல, தயாரிப்பின்போது சேர்க்கப்பட்டது. சேர்மானங்கள்: நின்ற நிலை, டார்கெட், கேன் டீ, கிரீம் பன். மனக்கட்டுப்பாட்டின் தடயங்கள் இருக்கலாம்."

பரிமாறல் அளவை 12 மணி நேரமாக்க வழிவிடும் மசோதா ஒன்று 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் நிறைவேறி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 'குடும்ப பேக்' என்று பெயர் வைத்திருப்பார்கள், தப்பித்தோம்.

லேபிளுக்கு இன்னும் 14,000 கருத்து கேட்க வேண்டும் என்றால் எங்கள் ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்துக்கு ஒரு காலை வேளையில் ஆளை அனுப்புங்கள். ஒரே மணி நேரத்தில் கிடைத்துவிடும், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா நான்கிலும். அதுவரை ஒரு சின்ன உத்தரவு போதும்: கேன் டீயில் சர்க்கரையைக் கலக்காமல் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள், ராத்திரி பன்னுக்குப் பதில் சுண்டல் போடச் சொல்லுங்கள். வளாகங்களுக்கெல்லாம் 'ஈட் ரைட் கேம்பஸ்' சான்று தருகிறீர்கள். சிறைச்சாலைகளும் அதில் உண்டு. அங்கே இரவில் தூங்கவிடுவார்கள் என்பதால் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைப்பது நியாயம்தான். எங்களுக்குச் சான்று தருவதற்கு முன் கேனை மட்டும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
அரை நட்சத்திரத் தொழிலாளி.

பின்குறிப்பு: பதிலைச் சாதாரணத் தபாலில் அனுப்பவும். ஸ்பீட் போஸ்ட் வேண்டாம். காலை பதினொரு மணிக்குக் கையெழுத்துக்கென்று எழுப்புவார்கள், அப்புறம் தூக்கம் போய்விடும். ராத்திரி பன் தின்னும்படி ஆகும்.