கடன் வாங்கிக் கட்டிய சொர்க்கம்

1840இல் பாஸ்டன் பாதிரியார் ஜார்ஜ் ரிப்ளிக்கு ஒரு யோசனை உதித்தது. படித்தவன் வயலில் இறங்க வேண்டும், உழுகிறவன் புத்தகம் பிரிக்க வேண்டும், எந்த வேலைக்கும் ஒரே கூலி. 1841இல் பாதிரி உத்தியோகத்தை உதறிவிட்டு, மேற்கு ராக்ஸ்பரியில் ஒரு பால் பண்ணையைப் பிடித்தார். அதுதான் புரூக் ஃபார்ம்.

பங்கு ஒன்று 500 டாலர். வட்டி 5 சதவீதம், அதற்கு உத்தரவாதம் வேறு. வட்டி எங்கிருந்து வரும்? தத்துவவாதிகள் கூடிய சபையில் அப்படியெல்லாம் கேட்கக் கூடாது. ரிப்ளியின் நண்பரான தத்துவவாதி எமர்சனையும் கூப்பிட்டார்கள். மனுஷன் ரொம்ப மரியாதையாக நழுவிவிட்டார்.

மாட்டிக்கொண்டவர் எழுத்தாளர் ஹாதார்ன். கல்யாணம் செய்து குடித்தனம் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவர், 1,000 டாலரைக் கொண்டுபோய்க் கொட்டினார். கொஞ்ச நேரம் உடலுழைப்பு, மிச்ச நேரம் கதை என்பது அவர் போட்ட கணக்கு. கிடைத்ததோ சாணி வாரும் வேலை. அந்தக் குப்பைமேட்டுக்கு அங்கே வழங்கிய பெயர் 'தங்கச் சுரங்கம்'! சுரங்கத்தில் கை காய்த்ததுதான் மிச்சம், கதை வரவில்லை. வருஷம் முடிவதற்குள் மூட்டையைக் கட்டிவிட்டார். போட்ட பணம் திரும்பி வராததால் பிற்பாடு ரிப்ளி மேல் வழக்கே போட்டார்.

மண் சரளை மண். பண்ணையில் உருப்படியாகச் சம்பாதித்தது பள்ளிக்கூடம்தான். சரி, அதைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளலாமே? 1844இல் ஃபூரியே என்ற பிரெஞ்சுக்காரரின் திட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வாழ மாபெரும் மாளிகை. சாப்பாட்டு மேஜையில் சிக்கனம், கட்டடத்தில் தாராளம். ஏறக்குறைய 7,000 டாலர் விழுங்கியும் வேலை முடியவில்லை. 1846 மார்ச் 3 இரவு அது பற்றிக்கொண்டது. பக்கத்துக் கட்டடத்தில் ஆட்டம்பாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஓடி வந்து பார்ப்பதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

மனிதகுலத்தின் எதிர்காலம் வரைக்கும் யோசித்தவர்கள் அந்த மாளிகைக்கு ஒரு காப்பீடு எடுக்க யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் பண்ணைக்கு மூடுவிழா. ஆனால் ரிப்ளி ஓடி ஒளியவில்லை. ஆசை ஆசையாகச் சேர்த்த நூலகத்தை விற்றார். நியூயார்க் போய்ப் பத்திரிகைக்குப் புத்தக மதிப்புரை எழுதியே வருஷக்கணக்காகச் சொர்க்கத்தின் பாக்கியை அடைத்தார்.