கொட்டிலணியியல்

மாணாக்க, கேள். கொட்டிலணி என்பது, மேய்ப்போன் தங்கும் கொட்டிலின் மேலும் கீழும் உள்ளும் புறமும் அமைந்து காண்போர் கண்ணைச் சற்றே நிறுத்தும் பொருள்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர். கொட்டிலைத் தாங்கும் கப்பும் வளையும் அணியாகா; அவை உடல். கப்பில் அடித்த ஆணி அணியாகும். அதில் சட்டை தொங்குதலின். இவ்வேறுபாடு விளங்காதவன் இவ்விடத்திலேயே நூலை மூடிவிடுதல் நன்று.

இவ்வியலுக்கு நிலைக்களன் கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சி. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் நீர் பாயும் வயலூர் அது. வயலூரில் மேய்ப்போன் கொட்டில் எங்ஙனம் வந்ததெனின், நெல்லால் வந்தது. மாரியில் வயல் விதைத்ததும் மாடுகள் அருகில் நிற்றல் ஆகாது. காட்டோரம் கொண்டுபோய்ப் பட்டி அடைப்பர். அறுவடை முடிய அவை தாளடிக்குத் திரும்பும். எனவே பட்டிக் கொட்டிலின் வாழ்நாள் பெரும்பாலும் ஒரு விளைச்சலின் வாழ்நாளே. தொல்காப்பியர் முல்லைக்குக் கார்ப்பொழுதையும் மாலைப்பொழுதையும் வகுத்தார். அம்மாலையில் கொட்டிலுள் எதை எங்கே தொங்கவிடுவது என்பதை வகுத்திலர். அக்குறையை இந்நூல் நிரப்பும்.

அணி நான்கு: முகட்டணி, புறவணி, நிலத்தணி, தொங்கணி. நான்கையும் அளக்கும் கோல் ஒன்றே, அது தின்படுமை. ஓர் அணியை ஆடோ மாடோ தின்னும் அளவு அதன் தின்படுமை எனப்படும். முற்றத் தின்படுவது, தின்படாதது, தின்று பார்க்கப்படுவது என அது மூன்றாய் விரியும். இடர் மிகுந்தது மூன்றாவது. அது இறுதியில் வரும்.

முதலாவது, முகட்டணி. இதனுள் தலையாயது கிடுகு. பளைப் பக்கத்துத் தென்னைகளின் ஓலையை நீரில் ஊறவிட்டு முடைவது. முடைந்த புதிதில் பசுமஞ்சள், வெயில் பட்டபின் பழுப்பு, மாரி கண்டபின் கரும்பழுப்பு எனக் கூரை தனக்குத் தானே நிறம் இடுதலின் இதனைத் தன்பூச்சு என்க. அடுத்தது பூநகரிப் பனையோலை. விறைப்பு மிக்கது, காற்றில் ஒலிப்பது. அடுத்தது வைக்கோல். அதன் தின்படுமை முழுமையானது. இறப்பு தாழ்ந்த வைக்கோற் கூரையை மாடு கீழிருந்து மேலாக உண்ணும். ஆதலின் அக்கூரையின் உயரத்தைக் கட்டுவோன் முடிவு செய்வதில்லை, மாட்டின் கழுத்து முடிவு செய்கிறது.

தகரம் தின்படாதது. அதற்குத் துருவே பூச்சு. துரு முதலில் ஆணித்துளையைச் சுற்றி வளையமிடும், அது துளைச்செம்மை. பின்னர் மழைநீர் இறங்கும் பள்ளம் வழியே கோடிழுக்கும், அது வரிச்செம்மை. பள்ளமும் மேடும் ஒன்றாய்ச் சிவந்தபின் முழுச்செம்மை. முழுச்செம்மை எய்திய தகரத்தின் கீழ்ப் படுப்போன் விண்மீனை எழுந்து வெளியே போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

படங்கு தனித்து ஆராயத்தக்கது. ஊரார் இதனைத் தறப்பாள் என்பர். 2009இல் போர் முடிந்து, மக்கள் மீண்டு வந்தபோது வீடுகளுக்கே கூரையாய் நின்றது இது. வீடு ஓடு கண்டதும் படங்கு கொட்டிலுக்கு இறங்கியது. ஐ.நா. ஏதிலியர் அமைப்பின் நீல எழுத்துப் பொறித்த வெண்படங்கை எழுத்து நிற்கும் நிலையால் நான்காகப் பகுக்க. வெளிநோக்கியது புறவெழுத்துப் படங்கு. படுத்திருப்போன் நாள்தோறும் படிக்குமாறு உள்நோக்கியது அகவெழுத்துப் படங்கு. தலைகீழாய் நிற்பது கவிழெழுத்துப் படங்கு. வெயிலில் எழுத்து முற்றும் அழிந்தது எழுத்தொழி படங்கு. இன்று எஞ்சியிருப்பன பெரும்பாலும் இறுதி வகையே.

இரண்டாவது, புறவணி. செத்தை, வரிச்சு கட்டிப் புற்றுமண் அப்பிய அரைச்சுவர், உரப்பை பிரித்துத் தைத்த மறைப்பு என மூன்று. இவற்றைப் பற்றி மிகுத்துரைக்க ஒன்றுமில்லை. ஆயினும் ஒப்புநோக்கற்கு அயல்நாட்டுக் கொட்டில் ஒன்றைக் காட்டுதும். ஆடு ஈனும் பொழுதில் இடையன் தங்குதற்கு உருளை பூட்டி இழுத்துச் செல்லும் குடில் ஆங்கிலேயரிடம் முன்னாளில் இருந்தது. 2017இல் அந்நாட்டு முன்னாள் தலைமை அமைச்சர் டேவிட் கமரூன் அத்தகைய குடில் ஒன்றை 25,000 பவுணுக்கு வாங்கித் தம் தோட்டத்தில் நிறுத்தினார், தன்வரலாறு எழுதுதற்கு. ஆடு இல்லாமையின் அதனை ஆடில் கொட்டில் என்க. அதற்கு அவர் தெரிந்தெடுத்த பூச்சு நிறங்களுள் ஒன்றின் பெயர் எலிமுதுகு. எந்த எலியின் முதுகு என்று அப்பெயர் கூறுவதில்லை, இது பெருங்குற்றம். வட்டக்கச்சி வரப்பில் வளை தோண்டும் வயலெலியின் முதுகு வேறு, உரப்பை கொறிக்கும் வீட்டெலியின் முதுகு வேறு.

மூன்றாவது, நிலத்தணி. நீரில் கரைத்த சாணியை உள்ளங்கையால் வளைத்து வளைத்து இழுக்க, ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறிய அரைவட்டங்கள் நிலமெங்கும் நிற்கும். விரல் நுனி பதிந்த கோடுகள் காய்ந்தபின்னும் தெரியும். அவற்றைக் கைவரை என்க. வலக்கையர் வரை ஒரு பக்கம் சாயும், இடக்கையர் வரை மறுபக்கம் சாயும். எனவே மெழுகியவர் யாரென்று நிலமே கூறும். உள்மூலையில் தொடங்கிப் பின்னோக்கி நகர்ந்து வாயிலில் முடிப்பது நெறிமெழுகு. வாயிலில் தொடங்கி உள்மூலையில் முடிப்பது சிறைமெழுகு. மெழுகியோன் நிலம் காயும்வரை அம்மூலையிலேயே நிற்பான். ஈரத்தில் ஆட்டுக்குட்டி ஓடிப் பதித்த குளம்படி குட்டிப்பொறி எனப்படும். இதனை அழித்து மீள மெழுகுவோர் உளர், அவர் அணியறியார்.

நான்காவது, தொங்கணி. அரிக்கன் லாம்பு, அதன் இடத்தைப் பிடித்த கதிர்விளக்கு, பால்பானை தொங்கும் உறி, கத்தி, நாட்காட்டி, சட்டை என்பன. நாட்காட்டியை ஆட்டின் வாயெட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் ஆடு ஒரு திங்களை அது முடியுமுன்னரே கிழித்து உண்ணும்; பட்டிக்காரர் அடுத்த திங்களுக்கு முன்கூட்டியே செல்ல நேரும். வியர்வை உப்பு ஊறிய சட்டையோ தின்று பார்க்கப்படுவதற்குத் தலைமைச் சான்று. கன்று அதன் கையை வாயிலிட்டு நெடும்பொழுது உறிஞ்சும். விழுங்கவும் செய்யாது, விடவும் செய்யாது.

இங்கே ஓர் ஐயம். ஒரு கை போன சட்டை அதே அணியா, வேறோர் அணியா? தொங்குதலே அணியாதற்குப் போதும் என்பார் ஒரு சாரார். உடுக்க இயன்றால் மட்டுமே அணி என்பார் மற்றொரு சாரார். எம் துணிபு வருமாறு: கழுத்துப்பட்டி எஞ்சியுள்ளவரை அது தொங்கணி. அதுவும் போயின் சாணி துடைக்கும் துணி, நிலத்தணிக்குக் கருவி. அப்பகுதியை மீண்டும் படிக்க.