சூரியனுக்கு விசில் கிடையாது

ஏழாம் வகுப்பு அறிவியல் பிராஜெக்ட் என்பது அப்பாக்களுக்கு நடக்கும் பொதுத்தேர்வு. வினாத்தாள் மகளிடம் வரும், திருத்தும் உரிமை மனைவியிடம் இருக்கும், ஃபெவிகால் மட்டும் நம் விரல்களில். எனக்கு வந்த கேள்வி, சூரிய அடுப்பு. கண்காட்சி நவம்பரில்.

ஏப்ரல் கடைசியில் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் நேர் மேலே நிற்பார். நிழல் காலடியை விட்டு நகராது. மே மாதம் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் லீவு. வடகிழக்குப் பருவமழை இறங்கி, ஆதவன் மேகத்துக்குள் ஒளிந்த பிறகுதான் கல்வித்துறைக்குச் சூரியசக்தி ஞாபகம் வருகிறது.

பெரிய அட்டைப்பெட்டிக்குப் பரணைத்தான் நாடினேன். டிவி செத்து வருஷங்கள் ஆகியும் "வீடு மாத்தும்போது வேணும்" என்று அதன் பெட்டியைச் சொந்த வீட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறோம். அதற்குள் ஒரு சின்னப் பெட்டி. இடைவெளியில் கசக்கிய செய்தித்தாள். தெர்மோகோல் வைக்கலாம்தான், ஆனால் நூறு டிகிரியை நெருங்கும்போது அது இளகிவிடும் (என் நம்பிக்கையின் உயரத்தைக் கவனியுங்கள்). உள்சுவரெல்லாம் அலுமினியம் ஃபாயில், மேலே கண்ணாடி, வெயிலை உள்ளே திருப்பிவிட ஃபாயில் ஒட்டிய மூடி, நடுவில் கறுப்புப் பெயின்ட் அடித்த பாத்திரம். வெளிச்சம் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே போகும். கறுப்பில் பட்டுச் சூடாக மாறும். அந்தச் சூடு வந்த வழியே எளிதில் திரும்பிப் போகாது. கோடை விடுமுறைக்கு வரும் எங்கள் சொந்தக்காரர்களும் இதே தத்துவப்படிதான் இயங்குகிறார்கள்.

இந்த மாதிரிப் பெட்டியை முதலில் செய்தவர் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி சோசுர். 1767-ல் கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஆரம்பித்தவர், பிறகு செய்த பெட்டியில் தண்ணீர் கொதிக்கும் சூட்டையே தாண்டினார். மலைமேலே குளிருக்குச் சூடு குறையுமா என்று பார்க்க, பெட்டியோடு ஆல்ப்ஸ் மலையும் ஏறினார். நான் ஏறியது மூன்று மாடி. லிஃப்ட் இல்லை, மூச்சு வாங்கிய அளவில் இருவரும் சமம். 1870-களில் பம்பாயில் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் ஏழு சிப்பாய்களின் சாப்பாட்டை, அதுவும் ஜனவரியில், இரண்டே மணி நேரத்தில் வேகவைத்ததாக எழுதிவைத்திருக்கிறார். எங்கள் வீட்டுப் படையில் மொத்தமே நாலு பேர். என் இலக்கு அரை டம்ளர் அரிசி.

அதிசயமாக வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசியும் தண்ணீரும் உள்ளே போயின.

"எத்தனை விசில்டா?" என்றாள் அம்மா.

"விசில் கிடையாதும்மா."

"அப்புறம் வெந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த ஒரு சோற்றை எடுக்கக் கண்ணாடியைத் திறக்க வேண்டும். திறந்தால் அதுவரை சேர்ந்த சூடெல்லாம் போய்விடும். இதை அம்மாவிடம் விளக்கிவிட்டுத் திரும்புவதற்குள் மகள் திறந்தாள். துணி எடுக்க வந்த மாமி திறந்தார். "உள்ள என்ன சார், வடாமா?" என்று கீழ்வீட்டு மாமா திறந்தார். யாரும் இல்லாத நேரத்தில், நீராவி கட்டிய கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாததால், நான் திறந்தேன்.

ஆரோவில்லில் கூரைமேல் 15 மீட்டர் விட்டத்தில் கண்ணாடி பதித்த ஒரு கிண்ணம் இருக்கிறது. நீராவி உண்டாக்கி ஆயிரம் பேருக்குச் சமைக்க என்று கட்டியது. சூரியன் நகர நகரப் பின்தொடரும் வேலையை அங்கே கணினியிடம் ஒப்படைத்தார்கள். எங்கள் மாடியில் அந்தக் கணினி நான். தலையில் ஈரத்துண்டோடு பெட்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

"ஏங்க, இதுல எவ்வளவு பவர் வரும்?" என்றாள் மனைவி. நல்ல வெயிலில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். என் பெட்டியின் வாய் அரை மீட்டருக்கு அரை மீட்டர். ஆக 250 என்று பெருமையாகச் சொன்னேன். "மிக்ஸியே 500" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப்போனாள். அந்த 250-லும் பாதி வழியில் கசிந்துவிடும் என்பதைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மூன்று மணிக்கு மேகம் வந்தது. பாதி வெந்த அரிசி கீழே போய், குக்கரில் இரண்டு விசிலில் சாதமாயிற்று. "சூரிய சாதம்" என்று நான் பரிமாறினேன். குக்கர் பற்றி யாரும் பேசவில்லை.

கண்காட்சியன்று கொட்டும் மழை. எல்லா மாடல்களையும் ஹாலுக்குள் மாற்றிவிட்டார்கள். சூரிய அடுப்பு வேலை செய்வதாகக் காட்டியாக வேண்டும் என்பதால், உள்ளே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடச் சொன்னார் டீச்சர். பெட்டி ஜோராகச் சூடாகியது. மகள் கொஞ்சமும் கூசாமல் சார்ட்டில் ஒரு வரி சேர்த்தாள்: "சூரியன் - 100 வாட்."

மூன்றாம் பரிசு. முதல் பரிசு ஜன்னலோரம் இருந்த மழைநீர் சேகரிப்பு மாடலுக்கு. சன்ஷேடிலிருந்து ஒழுகிய தண்ணீர் நேராக அதன் குழாயில் விழுந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணின் அப்பா கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.