பாஸ்கல் மாமா

பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நின்றபடி பிரேக் லிவரை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே குந்தி காலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். லிவர் பிடிப்பவருக்குத் தேவையான ஒரே தகுதி, ‘விடு’ என்று சொல்லும்வரை கையை எடுக்காதிருப்பது. எனக்கு வாய்த்தவர் என் மாமனார். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கையை ஆட்டாமல் அவருக்குப் பேச்சு வராது. முட்டி மடங்காது என்பதால் வேலையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

என் பைக்கின் முன்பிரேக், ஊறிப்போன இட்லி போல அமுங்கிக்கொண்டிருந்தது. “ஆயிலை எவ்வளவு அமுக்கினாலும் சுருங்காது மாப்பிள்ளை. காற்று சுருங்கும். நீங்க கொடுக்கிற அழுத்தத்தை நடுவில் இருக்கிற காற்றே தின்னுடுது” என்றார். மெக்கானிக்கிடம் போகலாம் என்றேன். “பாஸ்கல் விதி தெரிஞ்ச வீட்டில் மெக்கானிக் எதுக்கு?”

பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்று டாங்க்மேல் அவருடைய பழைய வேட்டியை நனைத்துப் போர்த்தினேன். நிப்பிளில் கண்ணாடிபோல் தெரியும் டியூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலில் இருந்த ஆயிலுக்குள் முக்கினேன். எட்டாம் நம்பர் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்தேன்.

“அமுக்குங்க மாமா. அப்படியே பிடிங்க.”

நிப்பிளைத் திறந்ததும் டியூபில் குமிழிகள் வந்தன. “பார்த்தீங்களா! அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாப் பரவுது!” எல்லாப் பக்கத்தையும் காட்ட, சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய வலது கை மேலே போனது. லிவர் துள்ளித் திரும்ப, வெளியே வந்த குமிழிகள் வந்த வழியே வீடு திரும்பின.

மறுபடி அமுக்கினார். “பாவம் மாப்பிள்ளை, அந்த பாஸ்கல் 1662-ல் 39 வயசிலேயே போயிட்டார்.” கை நெஞ்சுக்குப் போனது. குமிழிகள் உள்ளே போயின.

ஆயிலை ஏன் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. “டாட் 4 ஆயில், புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காது. காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிட்டா 155-லயே கொதிக்கலாம். கொதிச்சா ஆவி, ஆவி வந்தா பிரேக் இல்லை.” 230 எங்கே, 155 எங்கே என்று காட்ட இரண்டு கையும் தேவைப்பட்டன.

காற்றின் குணமே மேலே ஏறுவது. அதைக் கீழே இழுப்பதே வம்பு. அதை மேலேயிருந்து ஒருவர் உபந்நியாசம் செய்து திரும்ப அழைத்துக்கொண்டால் என்ன செய்வது?

சமையலறையிலிருந்து அத்தை வந்தார். “நகருங்க.” லிவரைப் பிடித்தார். மாமா பேசப் பேசப் பதில் சொல்லாமல் நிற்பதில் அவருக்கு நெடுநாள் பழக்கம். அமுக்கு, திற, மூடு, விடு. அவ்வப்போது நான் எழுந்து மேல் டப்பாவில் ஆயில் வற்றாமல் ஊற்றினேன். கடைசியில் டியூபில் ஆயில் மட்டுமே வந்தது. லிவர் கல்லாக நின்றது.

நான் முட்டியைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து மாமா ஆறுதல் சொன்னார்: “1648-ல் காற்றழுத்தத்தைச் சோதிக்கப் பாதரசக் குழாயோட மலையேறினது பாஸ்கல் இல்லை மாப்பிள்ளை. அவர் பாரிஸில் இருந்தார். ஏறினது அவரோட அக்கா வீட்டுக்காரர்.”

லிவரை விட்டுவிட்டு அத்தை கேட்டார்: “அந்த மனுஷனுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தது யாருன்னு எந்தப் புஸ்தகத்திலயாவது இருக்கா?”