கீரையும் புரையும்

ஓராண்டாக மூக்குக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அறுபத்துநான்கு வயதில் இது சாமானியமா? எல்லாம் பொன்னாங்கண்ணிக் கீரையின் மகிமை என்று காலை நடைக்கு வருகிறவர்களிடம் அளந்துவிட்டேன். அதில் ஒருவர், பாவம், தினமும் கீரை வாங்க ஆரம்பித்துவிட்டார்.

அதே ஓராண்டில், வேட்டியெல்லாம் பழுப்பேறிப் போகிறது, சொட்டு நீலத்தில் கஞ்சத்தனம் என்று மனைவியோடு மூன்று சண்டை. இரவில் எதிரே வரும் லாரிக்காரர்கள் வேண்டுமென்றே ஹைபீம் போடுகிறார்கள் என்று தனிக் கோபம். மாடிப்படியின் கடைசிப் படியில் இரண்டு முறை கால் தவறியதற்குக் கொத்தனார்தான் பொறுப்பு.

மகள்தான் கண் பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். உள்ளே ஒருவர் எழுத்துப் பலகையை உரக்கப் படித்ததை வெளியே பெஞ்சிலிருந்தே மனப்பாடம் செய்துவிட்டேன். பள்ளிக்கூடக் காலத்துப் பழக்கம். என் முறை வந்ததும் கடகடவென்று ஒப்பித்தேன். “ஐயா, அந்த வரிக்கு நான் இன்னும் வரவே இல்லையே” என்றது பரிசோதித்த பெண். பலகை மாறியது. வலது கண் 6/18: மற்றவர் 18 மீட்டரில் நின்று படிப்பதை நான் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறேன்.

அடுத்தது பெல்லி–ராப்சன் பலகை. 1988-ல் வந்தது. எழுத்தெல்லாம் ஒரே அளவு, பெரிசு பெரிசாக. மூன்று மூன்றாக மை மட்டும் வெளுத்துக்கொண்டே போகும். பாதிக்குமேல் வெறும் வெள்ளை. “அச்சு சரியில்லை” என்றேன். அந்தி வெளிச்சத்தில் சாம்பல் படிமேல் சாம்பல் படி தெரியாமல் போவதும் இதே கோளாறுதானாம். கொத்தனார் விடுதலை.

சொட்டு மருந்து விட்டு, அரை மணி கழித்து டாக்டர் ஒளிக்கீற்றைப் பாய்ச்சிப் பார்த்தார். “கீரை இல்லை ஐயா, புரை.” கண் வில்லையின் நடுப்பகுதி இறுகி ஒளியை அதிகமாக வளைப்பதால் கிட்டப்பார்வை கொஞ்ச நாள் திரும்பி வருமாம். மஞ்சளித்த வில்லை நீலத்தை வடிகட்டிவிடும். மனைவி புட்டியையே கவிழ்த்திருந்தாலும் என் வேட்டி பழுப்புத்தான். லாரி விளக்கு சிதறுவதும் அங்கேதான்.

இந்தப் புரையை மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு 0.1 முதல் 6.9 வரை தரம் போடுகிறார்கள். எனக்கு மூன்று சொச்சம். பாஸா என்று கேட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மனைவியிடம் சொல்லியாயிற்று. நடை நண்பரிடம் சொல்லவில்லை. நேற்று எனக்கும் சேர்த்து ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். வாங்கிக்கொண்டேன்.